பெருவழி விலகிய பயணங்கள்

நுழையும்முன்

பயணம் மனிதரின் அறிவை விரிவாக்கும். எனினும், எல்லாரும் செல்லும் இடத்திற்கே தாமும் சென்று, எல்லாரும் எடுக்கும் ஒளிப்படத்தையே தாமும் எடுத்துக்கொண்டு திரும்புவோர் பலர். ஒரு நாட்டின் உள்ளத்தை அறிய விரும்பும் பயணி, பெருவழியிலிருந்து விலகிச் சிறுவழிகளில் நடக்கிறார். ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டில் அத்தகைய பயண வேட்கை எதைத் தேடுகிறது, எதைக் கற்றுத் தருகிறது, அதற்குரிய பொறுப்புகள் யாவை என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

தீவுகளால் ஆன நாடு

பசிபிக் பெருங்கடலுக்கும் தென்சீனக் கடலுக்கும் இடையில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டமே பிலிப்பைன்ஸ். லூசோன், விசயாஸ், மிண்டனாவ் என்னும் மூன்று பெரும்பிரிவுகளாக அந்நாட்டைப் பகுப்பர். அங்கு 7,107 தீவுகள் உள்ளன என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு அந்நாட்டு வரைபட நிறுவனம் புதிய அளவீட்டு முறைகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, அவ்வெண்ணிக்கை 7,641 ஆக உயர்ந்தது. அவற்றுள் ஏறத்தாழ 2,000 தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். அம்மக்கள் பேசும் மொழிகள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவை.

இத்தகைய நாட்டில் ஒரு தீவில் பிறந்தவருக்கு மற்றொரு தீவு அயல்நாடு போன்றதே. தலைநகர் மணிலாவில் தகாலோக் மொழி பேசி வளர்ந்த ஒருவருக்கு, வடகோடித் தீவுகளில் பேசப்படும் இவத்தான் மொழி விளங்காது. மலைநாட்டு இஃபுகாவ் மக்களின் பாடலும் தென்பகுதியின் திபோலி மக்களின் பாடலும் அவருக்குப் புதியனவே. உலகச் சுற்றுலா விளம்பரங்களோ பொராக்காயின் வெண்மணல் கடற்கரை, செபு நகரம், பலவான் தீவின் சுண்ணாம்புக் குன்றுகள் எனச் சில இடங்களையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நாட்டின் மிகப்பெரும் பகுதி அவ்விளம்பரங்களுக்கு வெளியே இருக்கிறது. அந்த வெளிப்பகுதியைக் காணப் புறப்படுவோரே இப்பாடத்தின் நாயகர்கள்.

பயணத்தைக் குறிக்க அந்நாட்டு மக்களிடம் பல சொற்கள் வழங்குகின்றன. 'லக்பாய்' என்பது பயணத்தைக் குறிக்கும் தகாலோக் சொல். 'பியாஹே' என்பது இசுபானியர் ஆட்சிக்காலத்தில் அவர்கள் மொழியிலிருந்து வந்து கலந்தது. 'லக்வாட்சா' என்பது பொறுப்பின்றி ஊர்சுற்றுதலைக் குறிப்பது; பள்ளிக்குச் செல்லாமல் சுற்றித்திரியும் பிள்ளையைப் பெற்றோர் கண்டிக்கும்போது வெளிப்படும் சொல் அது. இன்றைய இளம்பயணிகளோ தம்மை 'லக்வாட்செரோ' என்று பெருமையுடன் அழைத்துக்கொள்கின்றனர். வசைச்சொல் ஒன்று விருப்பப் பெயராக மாறியதிலிருந்தே, ஊர்சுற்றுதல் பற்றிய பார்வை மாறியிருப்பதை உணரலாம்.

பயணம் என்னும் பாடம்

அந்நாட்டுப் பள்ளிகளில் 'லக்பாய்-அரால்' என்றொரு வழக்கம் உண்டு. 'அரால்' என்பதற்குக் கல்வி, பாடம் என்று பொருள். பயணமும் பாடமும் ஒரே தொடரில் இணைந்திருக்கும் இப்பெயர், வெறும் பொழுதுபோக்காக அமையாமல் அறிவைத் தரும் வகையில் பயணம் அமைய வேண்டும் என்னும் எண்ணத்தைச் சுட்டுகிறது.

பயணத்தைப் பாடமாக்கியவருக்கு அந்நாட்டு வரலாற்றில் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குபவர் ஹோசே ரிசால். மருத்துவர், புதின ஆசிரியர், பன்மொழி அறிஞர் எனப் பல முகங்கள் கொண்ட அவர் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் முதலிய இடங்களுக்கெல்லாம் சென்று வந்தவர். உலகின் பெருநகரங்களைக் கண்ட அவரை, இசுபானிய அரசு 1892ஆம் ஆண்டு மிண்டனாவின் வடகரையில் இருந்த தாபித்தான் என்னும் சிற்றூருக்கு நாடுகடத்தியது. புகழ்பெற்ற ஒருவரை யாரும் அறியாத மூலையில் ஒதுக்கி வைப்பதே ஆட்சியாளர்களின் நோக்கம்.

ஆனால், ரிசாலின் கண்களுக்கு அது மூலையாகத் தோன்றவில்லை. அவர் அங்கு வாழ்ந்த நான்கு ஆண்டுகளில் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார்; கட்டணத்திற்கு மாற்றாக அவர்களது உழைப்பை ஏற்றுக்கொண்டார். ஊருக்குக் குடிநீர் வர வழிசெய்தார். கண் மருத்துவரான அவரைத் தேடித் தொலைவிலிருந்தும் நோயாளர் வந்தனர். மாணவர்களோடு காட்டிலும் கடற்கரையிலும் நடந்து, உயிரினங்களைச் சேகரித்து, செருமனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்திற்கு அனுப்பி வைத்தார். ஊர்த் திடலில் மிண்டனாவ் தீவின் மேடுபள்ளங்களைக் காட்டும் நிலவுருவ வரைபடம் ஒன்றையும் அமைத்தார். அவ்வரைபடத்தை இன்றும் தாபித்தானில் காணலாம்.

தாமாக விரும்பிச் செல்லாத இடத்தையும் கூர்ந்து நோக்கினால் அது அறிவின் சுரங்கமாகும் என்பதை ரிசாலின் வாழ்க்கை உணர்த்துகிறது. ஓர் இடத்தின் சிறப்பு அதன் புகழில் இல்லை. அதைப் பார்ப்பவர் எவ்வளவு காலம் தங்குகிறார், எவ்வளவு கவனத்தோடு பார்க்கிறார் என்பவற்றில் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தாபித்தான் பகுதியில் ரிசால் சேகரித்த உயிரினங்களுள் சில அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. மரத்திற்கு மரம் சறுக்கிப் பறக்கும் ஓணான் வகை ஒன்று 'டிராகோ ரிசாலி' என்னும் அறிவியல் பெயரைப் பெற்றது. ஒரு வண்டு வகைக்கும் ஒரு தவளை வகைக்கும் அவ்வாறே அவர் பெயர் சூட்டப்பட்டது.

வழியும் ஊர்தியும்

தீவு நாட்டில் பயணம் செய்வது எளிதன்று. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடல்வழி நெடுஞ்சாலைத் திட்டம் நிலச்சாலைகளையும் கப்பல் துறைகளையும் ஒரே தொடராக இணைத்தது. பேருந்தும் சரக்குந்தும் நேராகக் கப்பலுக்குள் ஏறி, அடுத்த தீவில் இறங்கி, மீண்டும் சாலையில் ஓடுகின்றன. லூசோனில் புறப்படும் ஒருவர் மிந்தோரோ, பனாய், நெக்ரோஸ் ஆகிய தீவுகளைக் கடந்து, ரிசால் வாழ்ந்த தாபித்தான் துறையில் இறங்க இயலும்.

அத்தொடர் முடியும் இடத்தில்தான் பெருவழி விலகிய பயணம் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி உருவாக்கப்பட்ட 'ஜீப்னி' என்னும் வண்ண ஊர்தி மலையடிவாரம்வரை செல்கிறது. மலைப்பாதைகளில் இடம் போதாதபோது மக்கள் அதன் கூரைமேலும் ஏறி அமர்வதுண்டு. ஜீப்னி செல்லாத ஒற்றையடிப் பாதைகளில் 'ஹபால்-ஹபால்' என்னும் வாடகை மோட்டார் சைக்கிள் ஏறுகிறது. சிறு தீவுகளுக்கு இருபுறமும் மூங்கில் சட்டங்கள் தாங்கிய 'பங்கா' படகு செல்கிறது. அதற்கும் அப்பால் கால்களே துணை.

கால அட்டவணையைக் காற்றே வகுக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் குளிர்ந்த பருவக்காற்றை 'அமிஹான்' என்றும், தென்மேற்கிலிருந்து மழை கொண்டுவரும் காற்றை 'ஹபாகாட்' என்றும் அம்மக்கள் அழைக்கின்றனர். ஆண்டுதோறும் சராசரியாக இருபது வெப்பமண்டலப் புயல்கள் அந்நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைகின்றன. கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. ஒரு நாள் தங்க வந்த பயணி நான்கு நாள் தங்க நேரிடும். விரைவை விரும்புவோருக்கு அது இடையூறு. ஊரை அறிய விரும்புவோருக்கு அதுவே வாய்ப்பு. படகுக்காகக் காத்திருக்கும் நாள்களில்தான் பயணி பெட்டிக்கடை வாயிலில் அமர்ந்து ஊர் மக்களோடு பேசுகிறார்.

காற்றை எதிர்கொள்ளும் கல்வீடுகள்

லூசோனுக்கும் தைவானுக்கும் இடையில் உள்ளது படானெஸ் மாநிலம். பத்தான், சப்தாங், இத்பாயாத் ஆகிய மூன்று தீவுகளில் இவத்தான் மக்கள் வாழ்கின்றனர். புயல்களின் நெடுவழியில் அமைந்திருப்பதால் அத்தீவுகளின் வாழ்க்கை முழுவதும் காற்றை மையமாகக் கொண்டே அமைந்திருக்கிறது.

இவத்தான் மக்களின் மரபுவழி வீடு கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டது. சுவரின் பருமன் ஏறத்தாழ ஒரு மீட்டர். கூரையில் 'கோகோன்' எனப்படும் புல் பல அடுக்குகளாகச் செறிவாக வேயப்பட்டிருக்கும். கதவுகளும் சன்னல்களும் சிறியவை. கடும்புயல் வீசும் திசையை நோக்கிய சுவரில் சன்னலே வைப்பதில்லை. புயல் நெருங்கும்போது கூரையைக் கயிற்று வலையால் இறுகக் கட்டுவர். இவானா என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடு ஒன்று இன்றும் நிலைத்து நிற்கிறது. வயலுக்குச் செல்லும் பெண்கள் 'வாகுல்' என்னும் தலையணியை அணிகின்றனர். ஒருவகை ஈச்சையின் ஓலை நாரால் ஆன அது, நீண்ட கூந்தலைப் போல முதுகில் விழுந்து வெயிலையும் மழையையும் ஒருங்கே தடுக்கிறது.

இவானா படகுத்துறை அருகில் கடைக்காரர் இல்லாத கடை ஒன்று உண்டு. வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குரிய பணத்தைப் பெட்டியில் இட்டுச் செல்ல வேண்டும். வாங்குபவரின் நேர்மையே அங்குக் கணக்கர். பெருநகரில் பூட்டுக்கும் காவலுக்கும் பழகிய பயணி, அக்கடையின் முன் நிற்கும்போது தம்மைத் தாமே அளந்து பார்க்கிறார்.

ஆயினும், படானெஸ் காலத்தால் மாறாத ஓவியமன்று. 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இத்பாயாத் தீவை நிலநடுக்கம் தாக்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். பழைய கல்வீடுகள் பல இடிந்தன. காற்றை எதிர்த்து நிற்கக் கட்டப்பட்ட கனத்த சுவர்களால் நிலத்தின் அதிர்வைத் தாங்க இயலவில்லை. மரபுவழி வீட்டை மீண்டும் எழுப்புவதா, புதிய முறையில் கட்டுவதா என்னும் வினா அம்மக்கள்முன் எழுந்தது. அழகிய கல்வீட்டை ஒளிப்படம் எடுக்கும் பயணிக்கு அது காட்சிப்பொருள். அதனுள் உறங்குபவருக்கோ அது உயிர்ப்பாதுகாப்பு. இவ்வேறுபாட்டை உணர்வதே அப்பயணத்தின் முதன்மைப் பாடம்.

மலைமேல் ஏறிய வயல்கள்

லூசோனின் வடபகுதியில் கோர்டிலேரா மலைத்தொடர் அமைந்துள்ளது. அங்கு வாழும் இஃபுகாவ் மக்கள் மலைச்சரிவுகளைப் படிப்படியாகச் செதுக்கி நெல்வயல்களை உருவாக்கியுள்ளனர். அவ்வயல்களின் படம் 2010 முதல் வெளிவந்த 20 பெசோ பணத்தாளின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ளது. பணத்தாளில் அவ்வயல்களை நாள்தோறும் கண்டவர்களுள் பலர் அம்மண்ணில் கால்வைத்ததில்லை.

சாலையோரக் காட்சிமேடையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோர் மிகுதி. பதாத் போன்ற சிற்றூருக்குச் செல்ல விரும்புபவரோ சாலை முடிந்தபின் நடந்தே இறங்க வேண்டும். அரைவட்ட அரங்கின் இருக்கைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வயல்களின் நடுவே ஊர் அமைந்திருக்கிறது. ஓர் அடி அகலமுள்ள வரப்பில் நடக்கும்போதுதான் ஒவ்வொரு படியும் மனிதக் கைகளால் அடுக்கப்பட்ட கற்சுவர் என்பது விளங்கும்.

வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பயணிக்கு ஊரார் மலையுச்சியைக் காட்டுவர். அங்கு ஒவ்வொரு குடும்பமும் 'முயோங்' எனப்படும் காட்டைப் பேணி வருகிறது. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கீழே விடுவது அக்காடே. அதை அழித்தால் கீழுள்ள வயல் வறளும். காடு, வாய்க்கால், வயல், ஊர் ஆகிய நான்கும் ஒரே உடலின் உறுப்புகள் போன்றவை.

இவ்வயல்கள் 2,000 ஆண்டுகள் பழமையானவை என்றே முன்பு கூறப்பட்டது. அண்மைக்காலத் தொல்லியல் ஆய்வுகள் வேறொரு கருத்தை முன்வைக்கின்றன. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பு, இசுபானியரின் ஆதிக்கத்திலிருந்து விலகி மலைக்குள் சென்ற மக்கள் விரைவாகப் பெருக்கிய வயல்களே இவற்றுள் மிகுதி என்பது அவ்வாய்வுகளின் முடிவு. அவ்வாறாயின், இவ்வயல்கள் பழமையின் சின்னமாக மட்டுமன்றி, அடிமைப்பட மறுத்த மக்களின் எதிர்ப்புச் சின்னமாகவும் விளங்குகின்றன.

யுனெஸ்கோ நிறுவனம் 1995ஆம் ஆண்டு இவ்வயல்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2001ஆம் ஆண்டு இவை அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றதால் வயல்கள் கைவிடப்பட்டன, சுவர்கள் சரிந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. சீரமைப்புப் பணிகளின் பயனாக 2012இல்தான் அப்பட்டியலிலிருந்து இவை நீக்கப்பட்டன.

வயலோடு பாடலும் பிணைந்திருக்கிறது. விதைப்பு, அறுவடை, இறந்தோருக்கான விழிப்புச் சடங்கு ஆகிய வேளைகளில் 'ஹுட்ஹுட்' என்னும் கதைப்பாடல் பாடப்படும். மூத்த பெண்ணொருவர் முன்னின்று பாட, மற்றவர்கள் உடன்பாடுவர். இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இவ்வாய்மொழி இலக்கியத்தில் ஒரு பாடலை முழுமையாகப் பாடி முடிக்கப் பல நாள்கள் ஆகலாம். அறுவடை குறைந்தால் பாடும் வாய்ப்பும் குறையும். ஒரு வயல் கைவிடப்படும்போது நெல்லோடு ஒரு பாடலும் மறைகிறது.

மூங்கிலில் எழுதும் மக்கள்

மிந்தோரோ தீவின் மலைகளில் மங்யான் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் ஹனுனுவோ என்னும் பிரிவினர், பிராமிக் குடும்பத்தைச் சேர்ந்த தமக்கேயுரிய எழுத்துமுறையை இன்றுவரை பாதுகாத்து வருகின்றனர். தாளும் மையும் இன்றி மூங்கில் பரப்பில் கத்தி முனையால் அவர்கள் எழுத்துகளைக் கீறுகின்றனர். அவ்வாறு எழுதப்படும் கவிதை 'அம்பஹான்' எனப்படும். அடிக்கு ஏழு அசை என்பது அதன் யாப்பு. அடிகளின் இறுதி ஒத்த ஓசையுடன் முடியும். காதல், நட்பு, விருந்தோம்பல், வழிநடை எனப் பல பொருள்களில் அது அமையும்.

இக்கலையில் சிறந்த கினாவ் பிலோக் என்னும் மங்யான் கவிஞருக்கு 1993ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசு, மரபுக்கலை வல்லுநர்களுக்கு வழங்கும் நாட்டின் உயரிய விருதை அளித்தது. எழுத்தறிவற்றவர்கள் எனச் சமவெளி மக்களால் கருதப்பட்டவர்கள், உண்மையில் தமக்கென எழுத்தும் யாப்பும் கொண்டவர்கள். மலையேறிச் சென்று அமர்ந்து கேட்டவர்களுக்கே அவ்வுண்மை புலப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

பிலிப்பைன்ஸ் நாட்டின் லகுனா பகுதியில் 1989ஆம் ஆண்டு ஒரு செப்பேடு கிடைத்தது. அது சக ஆண்டு 822, அதாவது பொது ஆண்டு 900ஐச் சேர்ந்தது. ஒரு குடும்பத்தினரின் கடன் தீர்க்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. அச்செப்பேட்டின் எழுத்து 'கவி' எனப்படும். தமிழகத்தைப் பல்லவர் ஆண்ட காலத்து எழுத்திலிருந்து வளர்ந்தது அவ்வெழுத்து என்பர் அறிஞர். அச்செப்பேட்டைப் படித்தறிந்த அந்தோன் போஸ்ட்மா, மங்யான் மக்களோடு வாழ்ந்து அவர்களுடைய அம்பஹான் கவிதைகளைத் தொகுத்தவரும் ஆவார்.

தடம் பெருவழியாகும்போது

யாரும் அறியாத ஓர் இடத்தைக் கண்டவர் அதைப் பற்றிப் பிறருக்குக் கூற விரும்புவது இயல்பு. கேட்டவர்கள் அங்குச் செல்கின்றனர். அவர்கள் மேலும் பலருக்குக் கூறுகின்றனர். சில ஆண்டுகளில் ஒற்றையடித் தடம் பெருவழியாகிறது. தடம் விலகிய பயணத்தின் உள்முரண் இதுவே.

கலிங்கா மாநிலத்தின் புஸ்கலான் என்னும் மலைச்சிற்றூர் இதற்கு எடுத்துக்காட்டு. எலுமிச்சை இனச் செடியின் முள்ளையும் கரியையும் கொண்டு, சிறு கோலால் தட்டித் தட்டிப் பச்சை குத்தும் கலையை அவ்வூரைச் சேர்ந்த வாங்-ஓட் என்னும் மூதாட்டி இளமை முதல் செய்து வந்தார். முற்காலத்தில் அது போர்வீரரின் வெற்றிக்கும் பெண்களின் அழகுக்கும் அடையாளமாக இருந்தது. வழக்கம் அருகி மறையும் நிலையில், அவரைத் தேடி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வரத் தொடங்கினர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், தமது 106ஆம் வயதில், 'வோக்' இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்பு அட்டையில் அவர் இடம்பெற்றார். அவருடைய உறவுப் பெண்களும் அக்கலையைக் கற்றனர். அழியவிருந்த கலை உயிர்பெற்றது. ஊராருக்கு வருவாயும் கிடைத்தது. அதே வேளையில், குலத்தாரின் வாழ்வில் பொருளுடன் விளங்கிய குறிகள், வரிசையில் நின்று பெற்றுச்செல்லும் நினைவுச்சின்னங்களாகவும் மாறின. இதனை நன்மை என்றோ தீமை என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பிட இயலாது.

பொராக்காய் தீவின் வரலாறு கடுமையான எச்சரிக்கையாகும். ஒருகாலத்தில் மீனவர் குடியிருப்பாக இருந்த அச்சிறு தீவு, பயணிகளின் வாய்மொழியால் உலகப்புகழ் பெற்றது. விடுதிகள் பெருகின, கழிவுநீர் கடலில் கலந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 26 முதல் ஆறு திங்கள் அத்தீவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது அரசு. மீண்டும் திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் தீவில் இருத்தல் கூடாது என வரம்பு வகுக்கப்பட்டது. தீவைத் தூய்மைப்படுத்திய அந்த ஆறு திங்களில், சுற்றுலாவையே நம்பி வாழ்ந்த தொழிலாளர்கள் வேலையிழந்து துன்புற்றனர். இயற்கையின் தாங்குதிறனை மீறிய பயணத்தின் விலையை அங்குப் பணியாற்றியவர்களே முதலில் செலுத்த நேர்ந்தது.

வாசலில் நின்று அழைத்தல்

அவ்வாறாயின், தடம் விலகிப் பயணம் செய்வதே தவறா? அன்று. அதற்குரிய முறையைப் பிலிப்பினோ மக்களின் பழைய வழக்கமொன்றே கற்பிக்கிறது. பிறர் வீட்டுக்குச் செல்பவர் வாசலில் நின்று 'தாவோ போ' என்று குரல் கொடுப்பார். 'தாவோ' என்றால் மனிதர். 'போ' என்பது மரியாதையைக் குறிக்கும் சொல். 'மனிதன் வந்திருக்கிறேன் ஐயா' என்பது அதன் கருத்து. உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே படியேறுவார். காட்டுவழியில் புற்றையோ பெருமரத்தையோ கடக்கும்போது 'தாபி-தாபி போ' என்று சொல்லிச் செல்வதும் உண்டு. 'சற்று வழிவிடுங்கள்' என்று கண்ணுக்குத் தெரியாத காட்டுத் தெய்வங்களிடம் இசைவு கேட்கும் சொல் அது.

இவ்விரு வழக்கங்களின் உட்பொருள் ஒன்றே. பயணிக்குப் புதிதாகத் தோன்றும் எந்த இடமும் வேறொருவருக்கு வீடாகும். 'யாரும் செல்லாத இடம்' என்று நாம் கூறும் மலையில் தலைமுறை தலைமுறையாக ஒருவர் உழுது வருகிறார். ஆகவே கேட்டல், காத்திருத்தல், இசைவு பெறுதல் ஆகிய மூன்றும் பயணத்தின் முதற்படிகள். பிலிப்பைன்ஸ் அரசு 1997ஆம் ஆண்டு இயற்றிய பழங்குடியினர் உரிமைச் சட்டமும், அம்மக்களின் நிலத்தில் மேற்கொள்ளப்படும் திட்டங்களுக்கு அவர்கள் முன்கூட்டியே அறிந்து விருப்பத்துடன் அளிக்கும் இசைவு தேவை என வலியுறுத்துகிறது.

உள்ளூர் மக்களின் கையில் பொறுப்பு இருக்குமானால் இயற்கையும் பயணமும் ஒருங்கே வாழ இயலும். நெக்ரோஸ் தீவின் அருகிலுள்ள அப்போ என்னும் சிறுதீவில் மீன்வளம் குன்றியபோது, கடலியல் அறிஞர் ஏஞ்சல் அல்காலாவின் வழிகாட்டலில் மீனவர்கள் 1982ஆம் ஆண்டு கடலின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதைத் தாமே நிறுத்திக்கொண்டனர். பவளப்பாறைகள் தழைத்தன, மீன்கள் பெருகி அடுத்திருந்த பகுதிகளுக்கும் பரவின. பின்னர் அக்கடலைக் காணப் பயணிகள் வரத் தொடங்கினர். லூசோனின் தென்பகுதியில் உள்ள டொன்சோல் ஊரில், 'புடாண்டிங்' எனப்படும் திமிங்கலச் சுறாவைக் காண வருவோருக்கு உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாயினர். விலங்கைத் தொடக்கூடாது, அதற்கு உணவிடக்கூடாது, அதன் வழியை மறிக்கக்கூடாது என்பன அங்குள்ள விதிகள். அது வந்தால் காணலாம். வராவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பவும் அணியமாக இருப்பவரே நல்ல பயணி.

சில வேளைகளில் சொல்லாதிருப்பதும் பயணியின் கடமையாகிறது. 2001ஆம் ஆண்டு அந்நாட்டில் இயற்றப்பட்ட குகைகள் பாதுகாப்புச் சட்டம், புதிதாகக் கண்டறியப்படும் சிறப்புக்குரிய குகையின் இருப்பிடத்தை ஓராண்டுவரை பொதுமக்களுக்கு வெளியிடலாகாது என்கிறது. கூட்டம் வருமுன் பாதுகாப்பு வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு கைப்பேசி ஒளிப்படம் நொடிப்பொழுதில் உலகைச் சுற்றும் இக்காலத்தில், எதைப் பகிர்வது, எதைப் பகிராதிருப்பது என்று எண்ணிப் பார்க்கும் தன்னடக்கம் பயணிக்குத் தேவை.

கொண்டுவரும் பொருள்

வெளியூர் சென்று திரும்பும் பிலிப்பினோ ஒருவர் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டுவருவது வழக்கம். அதனைப் 'பசலுபோங்' என்பர். ஒருபிடி உலர்மீனோ ஒரு பொட்டலம் இனிப்போ அதுவாக இருக்கலாம். 'நான் தொலைவில் இருந்தபோதும் உங்களை நினைத்தேன்' என்பதே அதன் பொருள்.

பெருவழி விலகிய பயணி கொண்டுவரும் பசலுபோங் பையில் அடங்குவதன்று. சுவரில் சன்னல் ஏன் இல்லை, மலையுச்சியில் காடு ஏன் இருக்கிறது, அறுவடை குறைந்தால் பாடல் ஏன் மறைகிறது என்பவற்றை அறிந்து திரும்பும் அவர், தம் நாட்டு மக்களில் ஒரு பிரிவினரைப் புதிதாக அறிந்துகொண்டு திரும்புகிறார். தீவுகளைப் பிரிக்கும் கடல் அப்படியே இருக்கிறது; மக்களைப் பிரிக்கும் அறியாமை சற்றுக் குறைகிறது. நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் ஒரு நாட்டிற்கு இதைவிடச் சிறந்த தொண்டை ஒரு பயணி செய்துவிட இயலாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் பலரும் அறியாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கு வாழும் மூத்தவர் ஒருவரிடம் இசைவு பெற்று உரையாடி, அவ்விடத்தின் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'அறியப்படாத இடங்களைப் பற்றி ஊடகங்களில் பகிர்வது நன்மையே / தீமையே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. இவத்தான் மக்களின் வீட்டையும் உங்கள் பகுதியின் மரபுவழி வீட்டையும் ஒப்பிட்டு, அவை தட்பவெப்பத்திற்கேற்ப அமைந்துள்ள முறையைப் பட்டியலிடுக.

குறுவினா

1. 'லக்பாய்-அரால்' என்னும் தொடரின் பொருளை எழுதுக.

2. 'முயோங்' காடுகளின் பயன் யாது?

சிறுவினா

'தாவோ போ' என்னும் வழக்கம் பயணிக்கு உணர்த்தும் அறத்தை விளக்குக.

நெடுவினா

பெருவழி விலகிய பயணத்தின் உள்முரணைப் புஸ்கலான், பொராக்காய், அப்போ ஆகிய இடங்களைச் சான்றாகக் கொண்டு ஆராய்க.